சிரட்டைக் கின்னரியின் பூர்வீகம்

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசவையிலிருந்தே தொடங்குவர். பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என நால்வகை யாழையும் எண்ணிக் காட்டிவிட்டு வீணைக்கு வருவர். அங்கிருந்து வயலினுக்குத் தாவுவர். அத்துடன் வரலாறு முடிந்துவிடும். உடைந்ததையும் கழித்ததையும் ஒன்றுசேர்த்து ஏழை தன் கையாலேயே செய்துகொண்ட நரம்புக் கருவிக்கு அந்நூல்களில் ஒரு பத்திகூட ஒதுக்கப்படுவது அரிது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துத் திருவிழாக் கடைத்தெருக்களிலும் கந்தூரிக் கூட்டங்களிலும் குழந்தைகளின் கையில் நாம் கண்டிருக்கும் சிரட்டைக் கின்னரி அத்தகையது. வடக்கே இதனைக் கொட்டாங்கச்சி வயலின் என்பர். தென்பாண்டிச் சீமைக்குச் சிரட்டை என்பதே இயல்பான சொல். விளையாட்டுப் பொருளென்று நாம் ஒதுக்கிவிட்ட இக்கருவிக்கு மிகப் பெரிய குடும்பம் ஒன்று உண்டு. அதன் ஒரு கிளை பக்தாதில் இருக்கிறது என்றால் வாசகர்கள் வியப்படையக் கூடும்.

தமிழில் இதற்கான முதற்சான்றைத் தேடினால் அரசவையை விட்டு முல்லை நிலத்துக்குப் போகவேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில் ஆடு மாடு மேய்க்கும் இடையன் ஒருவன் வருகிறான். அவன் முதலில் தீக்கடைகோலால் துளையிட்டுச் செய்த குழலை ஊதுகிறான். அது சலித்ததும் உள்ளே புழையுள்ள குமிழமரக் கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, விரலால் மீட்டுகிறான். மரல் என்பது வறண்ட நிலத்தில் தானாக வளரும் கற்றாழை போன்ற செடி. தச்சனும் இல்லை, விலை கொடுத்து வாங்கிய பொருளும் இல்லை. காட்டில் கிடந்ததே கருவியாகிறது. அரசனைப் பாடவந்த புலவர் வழியில் கண்ட இவ்விடையனின் வில்யாழை மரத்தின் பெயரும் நாரின் பெயரும் விடாமல் குறித்துவைத்தார். பெரிய யாழ்களின் வடிவத்தைப் பழம்பாடல்களிலிருந்து மீட்டெடுக்கச் சுவாமி விபுலானந்தர் பல்லாண்டுகள் உழைத்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947-ஆம் ஆண்டில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. மறைந்துபோன கருவியைச் சொற்களிலிருந்து திரும்பக் கட்டிய பெரும்பணி அது. சிரட்டைக் கின்னரிக்கோ அத்துணைத் தேடல் வேண்டியதில்லை. அது நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. எழுதிவைப்பாரைத்தான் காணோம்.

ஆகவே அது செய்யப்படும் முறையைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுவோம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம் முழுவதும் தென்னந்தோப்புகள். நன்றாக முற்றிய நெற்றின் சிரட்டை வேண்டும். இளந்தேங்காயின் ஓடு உலர்ந்ததும் வெடித்துவிடும். கண்ணுள்ள பக்கத்தையோ அதற்கு எதிர்ப்பக்கத்தையோ அறுத்து, உள்ளே ஒட்டிய பருப்பைச் சுரண்டி, புறத்து நாரைக் கண்ணாடித் துண்டால் வழித்தெடுப்பர். வாய்ப்புறத்தில் மெல்லிய தோலை ஈரத்தோடு இழுத்து ஒட்டுவது பழைய வழக்கம். விலை மலிய வேண்டுமென்று பிற்காலத்தில் கெட்டிக் காகிதம் ஒட்டத் தலைப்பட்டனர். சிரட்டையின் இருபுறமும் துளையிட்டு மூங்கிற் கழி ஒன்றை ஊடுருவச் செலுத்துவர். வீணைக்காரர் மொழியில் சொன்னால் சிரட்டை குடம், மூங்கில் தண்டி. கழியின் மேல்முனையில் மரக்குச்சிப் பிருடை. நரம்புக்குக் கம்பி வேண்டுமே, அதற்கு மிதிவண்டியின் பழைய பிரேக் கம்பி உதவும். பல மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது அது. பிரித்தெடுத்தால் ஒரு கம்பியில் பல கின்னரிகளுக்கு நரம்பு கிடைத்துவிடும். தோலின்மீது நிற்கும் குதிரை, சிரட்டைச் சில்லாகவோ முறித்த மரத்துண்டாகவோ இருக்கும். வளைத்த மூங்கிற் சிம்பில் குதிரை வால்மயிரைக் கட்டினால் வில். மயிர் கிடைக்காத காலத்தில் நைலான் இழை.

இதை வயலினைப் பார்த்துச் செய்த ஏழை நகல் என்றே பலரும் எண்ணுகின்றனர். விற்பவர்களும் வயலின் என்றுதான் கூவுகின்றனர். ஆனால் கருவியின் உடலமைப்பு அவ்வாறு சொல்லவில்லை. வயலினின் முகம் மரப்பலகை; இதன் முகம் தோல். வயலினின் கழுத்து உடலோடு வந்து பொருந்தி நின்றுவிடும். இதன் கழியோ உடலை ஊடுருவி மறுபுறம் வெளிப்படும். வயலினில் விரல், நரம்பைப் பலகைமேல் வைத்து அழுத்தும். இதில் விரலுக்கு அடியில் பலகையே இல்லை, நரம்பைத் தொட்டே சுரம் பிறக்கிறது. இம்மூன்று இலக்கணங்களும் வயலினுக்கு உரியவை அல்ல. இவை அரபுநாட்டு ரபாப், பாரசீகத்துக் கமான்சே ஆகியவற்றின் குடும்பத்துக்கு உரியவை. பாபூஜியின் கதையைப் பாடும் ராஜஸ்தானத்துப் போப்பாக்கள் கையிலுள்ள ராவணஹத்தாவும் அக்குடும்பமே. அதன் குடமும் தேங்காய்ச் சிரட்டைதான். அதுவும் ஆட்டுத்தோல் போர்த்தியதுதான்.

கமான் என்றால் பாரசீகத்தில் வில். நம்மவர் வளைந்த நுழைவாயிலைக் கமான் என்பதும் அச்சொல்லே. வில்லால் இழைத்து வாசிக்கும் ரபாப் முறை அரபுலகில் நன்கு வேரூன்றியிருந்தது. ஹிஜ்ரி 339-இல் (கி.பி. 950) மறைந்த தத்துவமேதை அல்ஃபாராபி, தம் ‘கிதாபுல் மூஸீகல் கபீர்’ என்னும் பெருநூலில் ரபாபின் நரம்புகளையும் விரல் வைக்கும் இடங்களையும் ஆராய்ந்திருக்கிறார். ரபாப் ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குள் புகுந்து ரெபெக் ஆயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் தோன்றிய வயலினுக்கு அந்த ரெபெக் மூதாதையருள் ஒன்று. அப்படியானால் எது எதற்கு நகல்? சிரட்டைக் கின்னரியை வயலினின் பிள்ளை என்பதைவிட, வயலினுடைய பாட்டனாரின் உடன்பிறந்தார் வழியில் வந்தது என்பதே பொருந்தும்.

இனி சிரட்டையைத் தொடர்ந்து கடல் கடப்போம். தேங்காயை அரபு மொழியில் நார்ஜீல் என்பர். நாரிகேளம் என்ற நம் நாட்டுச் சொல்லின் திரிபு. ஜவ்ஸுல் ஹிந்த், அதாவது இந்தியக் கொட்டை என்றும் வழங்குவர். 1344-ஆம் ஆண்டளவில் மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் விருந்தினராக நம் மண்ணுக்கே வந்துபோன இப்னு பதூதா, ளஃபார் நகரைப் பற்றி எழுதுமிடத்தில் தேங்காயை வெகுவாக வருணிக்கிறார். அதன் ஓட்டில் இரு கண்ணும் ஒரு வாயும் இருப்பதையும், நார் தலைமயிர் போலிருப்பதையும், அந்நாரைத் திரித்து ஆணிக்குப் பதிலாகக் கப்பல் பலகைகளைத் தைப்பதையும் கூறுகிறார். மனிதத் தலையொன்றைப் புதைத்த இடத்திலிருந்து முதல் தென்னை முளைத்தது என்ற கதையையும் எழுதிவிட்டு, இது கட்டுக்கதை, பரவலாக வழங்குவதால் குறித்தோம் என்று கையை உதறிவிடுகிறார். இந்த நேர்மை எல்லாப் பயணநூலாருக்கும் வாய்ப்பதில்லை.

கெய்ரோவிலும் பக்தாதிலும் தென்னந்தோப்பு கிடையாது. எனவே சிரட்டை அங்கே கடல்வழி வந்த அருமைப் பொருள். 1836-இல் வெளியான எட்வர்ட் லேனின் எகிப்தியர் வாழ்க்கை நூலில், கெய்ரோ இசைவாணர்கள் வாசித்த கமன்ஜாவைப் படத்தோடு விளக்கியிருக்கிறார். தேங்காயின் காற்பங்கை அறுத்து நீக்கிய ஓடு, அதன்மேல் ஒருவகை மீனின் தோல், யானைத் தந்தம் பதித்த கருங்காலிக் கழுத்து, குதிரைமயிரைக் கற்றையாகச் சேர்த்த நரம்பு. இங்கே நாம் அடுப்பில் எரிக்கும் ஓட்டுக்கு அங்கே தந்தப் பதிப்பு! இராக்கில் இக்கருவிக்குப் பெயரே ஜோஸா, கொட்டை என்றே பொருள். எகிப்தில் அதே சொல்லை ‘கோஸா’ என்று உச்சரித்தால், சிரட்டையில் செய்த ஹுக்காவைக் குறிக்கும். ஓடு ஒன்றுதான், ஓர் ஊரில் அது பாடுகிறது, மற்றோர் ஊரில் புகைகிறது.

இராக்கிய மகாம் என்னும் செவ்விசைக்கு ஜோஸாவும் ஸந்தூரும் இரு கண்கள். 1932-இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டுக்குப் பாடகர் முஹம்மது அல்குப்பான்ஜியுடன் பக்தாதிலிருந்து சென்ற குழுவில் ஜோஸா வாசித்தவர் ஸாலிஹ் ஷுமைல். அவர் யூதர். அக்காலத்தில் பக்தாதின் வாத்தியக் கலைஞர்களுள் பெரும்பாலோர் யூதர்களே. 1951-ஐ ஒட்டி அவர்கள் பெருந்திரளாக நாட்டைவிட்டு வெளியேறியபோது, இக்கருவியை வாசிக்கவும் பழுதுபார்க்கவும் தெரிந்த கைகள் ஒருங்கே போய்விட்டன. ஷுஊபி இப்ராஹீம் போன்ற மிகச் சிலர் அக்கலையை ஏந்திக்கொள்ளாதிருந்தால் ஜோஸா அன்றே அருங்காட்சியகம் புகுந்திருக்கும். கருவி மரத்தாலும் தோலாலும் ஆனதாயினும் அதன் உயிர் ஆளிடம் இருக்கிறது. ஆள் போனால் சிரட்டை மறுபடியும் வெறும் சிரட்டைதான்.

கடல் கடந்த கிளை இவ்வாறிருக்க, வயலினாக மாறிய மற்றொரு கிளை நம் வட்டாரத்துக்கே திரும்பி வந்த விந்தையையும் கூறவேண்டும். சாத்தூரிலிருந்து தெற்கே கோவில்பட்டி சென்று கிழக்கே திரும்பினால் எட்டயபுரம். சீறாப்புராணம் தந்த உமறுப் புலவர் அடங்கியிருக்கும் ஊர் என்பதால் நம் வாசகர்களுக்கு அறிமுகம் வேண்டியதில்லை. முத்துசாமி தீட்சிதர் 1835-இல் காலமானதும் அங்கேதான். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர், சென்னையில் ஐரோப்பிய இசைவாணர் ஒருவரிடம் வயலின் கற்று, அதைக் கருநாடக இசைக்குப் பொருத்தி, எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக விளங்கினார். ஆக, ரபாபின் ஐரோப்பியப் பேரன் அரண்மனைக்குள் ஆசனம் பெற்றான். அவனுடைய தாயாதி, அரண்மனைக்கு வெளியே நின்று தம்பிடிக்கு விலைபோனான். இருவரும் உறவினர் என்பதை அறிந்தவர் அன்று எட்டயபுரத்தில் யாரேனும் இருந்திருப்பரா?

கரிசல் நிலத்தில் மழை பொய்த்தது. வேறு தொழில் தேடவேண்டியதாயிற்று. சிவகாசியைச் சேர்ந்த அய்யநாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். அதுவரை சுவீடனும் ஜப்பானும் அனுப்பிய தீப்பெட்டிகளே நம் நாட்டில் எரிந்தன. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. ஜப்பான் தீப்பெட்டி போய்விட்டது. ஆனால் ஜப்பானிலிருந்து வந்த ஒரு நரம்புக் கருவி இங்கே தங்கிவிட்டது. 1912-இல் நகோயா நகரில் ஒருவர், தட்டச்சுப் பொறியின் விசைகளைப் பார்த்து, பெட்டிமேல் கட்டிய கம்பிகளைப் பொத்தான்களால் அழுத்தும்படி தாய்ஷோகோட்டோ என்ற கருவியை அமைத்தார். அதுவே இந்தியாவில் புல்புல்தாரா ஆயிற்று. வடநாட்டுக் கவ்வாலிக் குழுக்கள் சில இதனைப் பாஞ்சோ என்ற பெயரில் வாசிக்கின்றன. இதுவும் பழுதுபார்ப்போருக்கு ஏற்ற கருவி. பெட்டி உடைந்தால் பலகைத்துண்டு போதும். பொத்தானை மீளச்செய்யும் சுருள்கம்பி தளர்ந்தால் எந்தப் பழைய இயந்திரத்திலிருந்தும் ஒன்றைக் கழற்றி மாட்டலாம். சுரம் விசையில் இருப்பதால் காது சற்று மந்தமானாலும் வாசித்துவிடலாம் என்று இசைவாணர் கேலி செய்வர். கேலியில் நியாயம் இல்லாமலில்லை.

தீப்பெட்டி ஊர்களின் குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் இவ்வரலாறு முழுமை பெறாது. 1970-களிலும் 80-களிலும் விடியுமுன்பே ஆலை வண்டிகள் கிராமம் கிராமமாக வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச்சென்றன. குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் இருட்டிய பின்னரே அவர்கள் வீடு திரும்பினர். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய மேத்தா வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலைகொடுத்து வாங்கிய விளையாட்டுப் பொருள் அக்குழந்தைகளின் வீடுகளில் ஏது? வெற்றுத் தீப்பெட்டியின் தட்டில் ரப்பர் வளையத்தை மாட்டி, குறுக்கே ஒரு குச்சியைச் செருகி மீட்டுவார்கள். குச்சியை நகர்த்தினால் ஓசை மாறும். குதிரை, நரம்பு, குடம் மூன்றும் அதில் வந்துவிட்டன. பள்ளியில் இயற்பியல் படிக்காத பிள்ளைகள், நரம்பின் நீளம் குறைந்தால் ஒலி ஏறும் என்ற விதியைத் தீப்பெட்டித் தட்டில் கற்றார்கள். அல்ஃபாராபி ரபாபில் அளந்ததும் அந்த விதியைத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பட்டாசு மருந்து இருந்த தகர டப்பாக்களை எடுத்து இத்தகைய கருவிகளுக்குக் குடமாக்கும் ஆசை சிறுவர்களுக்கு வரலாம். தகரம் நன்றாக ஒலிக்கும் என்பது உண்மை. ஆனால் பொறி பறக்கும் என்று இரும்புக் கருவியையே மருந்து அறைக்குள் அனுமதிக்காத தொழில் அது. இடுக்கில் ஒட்டிய பொடி கண்ணுக்குத் தெரியாது. ஆணி அடிக்கும்போது தெரியும். எண்ணெய்த் தகரமோ பிஸ்கட் தகரமோ போதும். தென்னாப்பிரிக்காவில் எண்ணெய்த் தகரத்தில் கித்தார் செய்யும் வழக்கம் பெயர்பெற்றது. சகாரா பாலைவனத்து முஸ்லிம்களான துவாரெக் மக்களிடையே தோன்றிப் புகழ்பெற்ற தினாரிவென் குழுவின் இப்ராஹீம் அக் அல்ஹபீப், 1963-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் தந்தையை இழந்து அகதியாக வளர்ந்தவர். அவருடைய முதற் கித்தார் ஒரு தகர டப்பா, ஒரு கழி, மிதிவண்டி பிரேக் கம்பி ஆகியவற்றால் ஆனது. விருதுநகர்க் கின்னரிக்காரருக்கும் சகாராச் சிறுவனுக்கும் ஒரே கம்பி தோன்றியிருப்பதைப் பாருங்கள்.

இவ்வளவும் எழுதிய பின் நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்வியைத் தவிர்க்க இயலாது. “நரம்புக் கருவியை மார்க்கம் விலக்கியிருக்க, அதன் வரலாறு நமக்கெதற்கு?” கேள்வி நியாயமானது, மழுப்பாமல் விடை கூறுவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் ஸமாஉ பற்றிய பகுதியில், இனிய ஓசை இனிமையாக இருப்பதனாலேயே விலக்கப்பட்டதாகாது என்கிறார்கள். அப்படியாயின் பறவையின் குரலும் விலக்காகிவிடும். அவ்தார் என்னும் நரம்புக் கருவிகளை அவர்கள் விலக்கின் கீழேயே நிறுத்தினார்கள். அதற்குக் கூறிய காரணங்கள் அவை மதுவுக்கு அழைப்பன, மதுவை நினைவூட்டுவன, மதுக்கூட்டத்தாரின் அடையாளமாவன என்பனவே. பின்னாளில் திமிஷ்கின் அப்துல் கனி நாபுலுஸீ (மறைவு 1731) இப்பொருளுக்கென்றே தனிநூல் எழுதி, எண்ணத்தையும் சூழலையும் கொண்டே தீர்ப்பு அமையும் என்று வாதிட்டார். இவ்விரு கருத்துக்கும் இடையே தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் வேலையன்று; அதை அவரவர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. ஆனால் ஒன்றை வாசிப்பது வேறு, அதன் வரலாற்றை அறிவது வேறு. விலக்கு என்று தீர்ப்பளித்த அறிஞரும் எந்தக் கருவி, எப்படிப்பட்டது என்று ஆராய்ந்த பின்னரே தீர்ப்பளித்தார். தவிர, ஐந்து வயதுக் குழந்தையின் கையிலுள்ள சிரட்டையில் மதுக்கூட்டத்தின் அடையாளத்தைத் தேடுவது நமக்குச் சற்று மிகையாகவே படுகிறது.

நெகிழிப் பொம்மைகள் கடைத்தெருவை நிறைத்த பின் சிரட்டைக் கின்னரி விற்போர் அருகிவருகின்றனர். இருப்போரும் முதியோர். அவர்களுடைய பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டனர்; போனதும் சரியே, இதில் வயிறு நிறையாது. ஆயினும் குடத்துக்கு எந்தச் சிரட்டை, தோலை எவ்வளவு ஈரத்தில் ஒட்டுவது, குதிரையை எங்கே நிறுத்துவது என்பவை அவர்கள் வாயிலிருந்து எழுதிக்கொள்ளப்பட வேண்டும். நம் வாசகர்களில் கல்லூரி மாணவர் எவரேனும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் இருக்கன்குடி ஆடித் திருவிழாவிலோ தம் ஊர்க் கந்தூரியிலோ ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டால் போதும். அவரவர் சொல்லும் உறுப்புகளின் பெயர்களை அப்படியே எழுதவேண்டும், திருத்தி எழுதக்கூடாது.

வீட்டில் பழைய கின்னரி கிடந்தால் எறிந்துவிடவும் வேண்டாம். பெரும்பாலும் கெடுவது பிருடைதான். துளை அகன்று நழுவும். துளையில் சிறிது சுண்ணக்கட்டிப் பொடி தடவினால் பிடித்துக்கொள்ளும். காகித முகம் கிழிந்தால் கெட்டிக் காகிதத்தை ஈரமாக்கி இழுத்து ஒட்டி, நிழலில் உலர்த்துக; வெயிலில் வைத்தால் மறுபடியும் கிழியும். சிரட்டை வெடித்திருந்தால் வேறு சிரட்டைதான் போடவேண்டும், ஒட்டிப் பயனில்லை. கடைத்தெருவில் விற்றவர் கையில் பாடிய கருவி வீட்டுக்கு வந்ததும் ஊமையாகிவிட்டது, ஏமாற்றிவிட்டான் என்று தாய்மார் கடிந்துகொள்வதைக் கேட்டிருக்கிறோம். அவர் ஏமாற்றவில்லை. வில்லின் இழை வழுவழுப்பாக இருந்தால் நரம்பைப் பற்றாது, ஓசையும் எழாது. இழையில் குங்கிலியத்தைத் தேய்க்கவேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள்.